பூஜைச் சாவி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல்தான் என் கதவைத் தட்டலாம். ஒரு மணிக்கு எழுந்து கிளம்பிவிட வேண்டும். காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுவர வேண்டும், போனில் காட்டக் கூடாது. கட்டணம் கிடையாது. முதல்முறையாக வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதிகள் இவ்வளவுதான். காகித விதியை ஒழுங்காக நிறைவேற்றியவர்கள் இந்த ஆறு வருடத்தில் நான்கு பேர்.

ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் இருபத்தாறு வருடம் பத்திரம் படித்தவள் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூர் ஜோகுபாளையத்து வீட்டில் உட்கார்ந்த பிறகு, உடன் வேலை பார்த்தவர் ஒருவரின் மகள் தன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. வருகிறவர்களில் பாதிப் பேர் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் வேலை செய்கிறவர்கள். கணினியில் பெரிய பெரிய வேலை பார்க்கிறார்களாம். கட்டுமானக் கம்பெனிகள் காட்டும் மாதிரி வீட்டுக்குள் நாற்பது நிமிடம் குளிர்ந்த காற்றில் நின்றுவிட்டு, இருபது வருடக் கடனுக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அந்த மாதிரி வீட்டுக் கட்டிலின் நீளம் ஐந்தரை அடி. அறை பெரிதாகத் தெரிவதற்காகவே அளவு குறைத்துச் செய்யப்பட்ட கட்டில். நான் டேப் வைத்து அளந்திருக்கிறேன். "உங்கள் உயரம் என்ன?" என்று நான் கேட்ட எந்தப் பையனும் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்திருக்கவில்லை.

நான் சொல்லப்போகும் கணவன் மனைவி சித்திரை மாதத்தில் வந்தார்கள். அவன் ஆரணிக்காரன், மென்பொருள் சோதனை வேலை. அவள் கோலார் தங்கவயல் பெண். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர், அப்பா பெங்களூருக்கு ரயிலில் வேலைக்கு வந்து போனவர். அவள் இங்கேயே ஒரு மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில், ஏஜென்சி மூலமாக, ஆஸ்பத்திரிப் பில்களைச் சரிபார்க்கிறாள். கோப்பைக் கொண்டுவந்தது அவள்தான். துளையிட்டு, தேதி வரிசையில், முதல் பக்கத்தில் அட்டவணையோடு. நான்கு பேர் என்றேனே, அதில் அவள் ஒருத்தி.

அவன் போனைக் கொண்டுவந்தான். அதில் அவர்களுடைய பணம் முழுவதும் வண்ண வட்டமாக இருந்தது. சிவப்புத் துண்டு வாடகை, நீலத் துண்டு வங்கி வட்டி. பச்சைத் துண்டுக்குக் 'கனவு' என்று பெயர் வைத்திருந்தான். கனவில் ஏழு லட்சம் இருந்தது.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஃபைனல் பேமென்ட் மேடம். கீ வாங்கறப்ப கட்டணும்."

"அப்ப கடைசித் தவணைன்னு எழுதேன். கனவுன்னா என்ன அர்த்தம்?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவன் போனைத் திருப்பி வைத்தான்.

கணக்கு சிக்கலானதல்ல. அடுக்குமாடியில் அவர்கள் வாங்கிய வீட்டின் விலை அறுபத்தெட்டு லட்சம். பத்தில் ஒன்பது பங்கு கட்டியாகிவிட்டது. மீதி ஆறு லட்சத்து எண்பதாயிரம் சாவி வாங்கும்போது. கட்டுமானக் கம்பெனி கட்டித் தருவதாகச் சொன்ன நாள் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. வீடு வராததால் மாத வாடகை இருபத்திரண்டாயிரம். வங்கி கொடுத்த பணத்துக்கு வட்டி முப்பத்துநாலாயிரம் சொச்சம். தங்காத வீட்டுக்கும் தங்கும் வீட்டுக்குமாகப் பத்து மாதம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் கம்பெனி இவர்களுக்கு வட்டி தர வேண்டும் என்று இருந்தது. கணக்குப் போட்டேன். மாதம் ஐம்பத்தைந்தாயிரம்.

"இத நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். எல்லாம் ஹேண்ட்ஓவர் டைம்ல பார்த்துக்கலாம்னு சொன்னாங்க."

"யாரு?"

"கம்பெனில எங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர். ரொம்ப நல்ல டைப் மேடம். பர்த்டேக்கு கேக் அனுப்புவாரு."

கேக். ஒரு வீட்டை விற்றுவிட்டுப் பத்து மாதம் ஏமாற்றுகிற கம்பெனி, பிறந்தநாளுக்கு அரைக் கிலோ கேக் அனுப்புகிறது. இவன் அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறான்.

இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினேன். ஒன்று, தாமத வட்டியை எழுத்தில் கேளுங்கள், மாதா மாதம் கேளுங்கள். இரண்டு, கட்டடத்தில் ஆள் குடியேறலாம் என்று அதிகாரிகள் தரும் சான்று, எல்லோரும் ஓ.சி. என்பார்களே, அது வரும்வரை சாவியைத் தொடாதீர்கள். 'வீட்டைப் பெற்றுக்கொண்டேன், எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்ட நாளோடு வட்டி நின்றுவிடும், பழையதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். அவன் தலையாட்டினான். அவள் எழுதிக்கொண்டாள்.

அப்போது அவன் போன் அடித்தது. ஆரணியிலிருந்து அம்மா. ஸ்பீக்கரில் போட்டான், என் வீட்டில், என் அனுமதி இல்லாமல்.

"இன்னாடா, ஊட்டுக்காரன் சாவி குடுக்கறேன்னானா இல்லியா? ஊர்ல எல்லாம் கேக்கறாங்கோ. நான் இன்னான்னு சொல்றது?"

அன்று மாலை குறிப்பேட்டில் எழுதினேன்: 'மாமியார்: அவசரக்காரி. ஊர் வாய்க்குப் பயப்படுகிறவள். கெடுதல் இந்தப் பக்கத்திலிருந்து வரும்.' மூன்றே வாக்கியத்தில் ஒரு ஆளை முடித்துவிட்டேன். வங்கியில் பழகிய பழக்கம்.

ஆனி மாதத்தில் அவள் மட்டும் வந்தாள். சொல்லிக்கொள்ளாமல் புதன்கிழமை வந்தாள். விதிக்கு மாறாக உள்ளே விட்டேன்.

"அக்கா, நாலாவது மாசம்" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். அவள் கோப்பைத் திறக்கவில்லை.

"ஏஜென்சில லீவுக்குக் காசு குடுக்கமாட்டாங்க. கொழந்த பொறந்தா ஒண்ணற மாசத்துல வரலன்னா வேற ஆள் போட்டுக்குவாங்க. எனக்கு ஒரு வருஷம் வீட்ல இருக்கணும்க்கா. எங்க அம்மா என்ன அஞ்சு வாரத்துல பக்கத்து வீட்ல உட்டுட்டு வேலைக்குப் போச்சு. அந்தக் கத கேட்டுக் கேட்டே வளந்தேன்." பிறகு கேட்டாள்: "கம்பெனி அந்த வட்டிய கடைசித் தவணைல கழிச்சுட்டா, எங்ககிட்ட இருக்கற ஏழு லட்சம் மிச்சம் ஆகும், இல்ல?"

"ஆகும்."

"வாடக, வட்டி, ரெண்டுக்கும் என் சம்பளம் இல்லாம ஒரு வருஷம் தாங்கும். நான் கணக்கு போட்டுட்டேன். நீங்க ஒருவாட்டி பார்த்துடுங்க."

அவள் கொடுத்த தாளைப் பார்த்தேன். பால் பவுடர் வரைக்கும் எழுதியிருந்தாள். ஒரு எண்கூடத் தவறில்லை. கணவன் கனவு என்று பெயர் வைத்த தொகைக்கு இவள் பெயரே வைக்கவில்லை, பன்னிரண்டு வரியாகப் பிரித்திருந்தாள். மாதத்துக்கு ஒரு வரி.

ஆடி கடைசியில் அழைப்பிதழ் வந்தது. கிரகப்பிரவேசம். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை முகூர்த்தம். அட்டையில் கம்பெனியின் விளம்பரப் படத்தையே அச்சடித்திருந்தார்கள், நீல நிற நீச்சல் குளம் உட்பட. அந்தக் குளத்தில் அப்போது ஜல்லி கொட்டிக் கிடந்தது.

போன் செய்தேன். அவன்தான் எடுத்தான்.

"ஓ.சி. வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல மேடம். ஆனா கம்பெனி ஒரு ஸ்பெஷல் அரேஞ்ச்மென்ட் பண்ணியிருக்காங்க. பூஜைக்கு மட்டும் ஒரு நாள் கீ குடுப்பாங்க. பூஜை கீன்னே பேரு. இவளுக்கு ஏழாவது மாசம் ஆரம்பிச்சுட்டா அப்புறம் பால் காய்ச்சக் கூடாதுன்றாங்க. கொழந்த பொறந்து அது இதுன்னு ஒரு வருஷம் போயிடும். அம்மா ஒரேயடியா நிக்கறாங்க."

"என்ன கையெழுத்து கேட்டாங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். கீ ரெஜிஸ்டர்ல ஒண்ணு."

கம்பெனி அனுப்பிய தாளை அவள் எனக்கு அனுப்பிவைத்தாள். 'பூஜைப் பேக்கேஜ்', பதினோராயிரம் ரூபாய். புரோகிதர், பசு, பால், மாவிலைத் தோரணம், புகைப்படம் அடங்கும். கன்னடப் பஞ்சாங்கம், தமிழ்ப் பஞ்சாங்கம் இரண்டுக்கும் ஒத்துவரும் நாளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். லிஃப்ட் வைப்பதில் காட்டாத அக்கறையை நாள் பார்ப்பதில் காட்டியிருந்தார்கள். இந்த ஊரில் ஒரு குடும்பத்தை எந்த நாளில், எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட வைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் பாலோடு, வாசலில், புரோகிதர் நேரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது.

வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்கு வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தேன். தரைத் தளத்தில் ஷாமியானா. எட்டுக் குடும்பங்கள். எட்டுக்கும் ஒரே பசு. அது அலுத்துப்போய் நின்றது. டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஆளுக்குப் பத்து நிமிடம். நான்கு அடி நீளத்தில் தங்க நிற அட்டைச் சாவி ஒன்று செய்து வைத்திருந்தார்கள், பிடித்துக்கொண்டு சிரிப்பதற்கு. பட்டுப் புடவையும் வேட்டியுமாகப் படித்தவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு மேஜை. மேஜையில் நூலால் கட்டிய பேனா. தாள்கள்.

தாளை எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்ததேதான். 'வீட்டை முழுமையாகப் பார்வையிட்டுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். கம்பெனியிடம் எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை.' பூஜை என்ற சொல் எங்கேயும் இல்லை.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பையனிடம் சொன்னேன். "இதுல போட்டீங்கன்னா உங்களுக்கு வரவேண்டிய வட்டி போயிடும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எல்லாரும் போடறாங்களே ஆன்ட்டி" என்றான். போட்டான்.

இந்தத் தாள் எனக்குப் புதிது என்று சொன்னால் பொய். வங்கியில் கோப்பை முடிக்க ஒப்படைப்புக் கடிதம் வேண்டும். அது வராவிட்டால் கடன் வாங்கியவர்களுக்கு நானே போன் செய்து, சீக்கிரம் வாங்கி அனுப்புங்கள் என்று விரட்டியிருக்கிறேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூட அவர்களைக் கேட்டதில்லை. கட்டத்தில் டிக் போட்டால் என் வேலை முடிந்தது. அந்த வரிசையில் நின்ற யாரையும்விட நான் மேலானவள் இல்லை. அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருந்தது.

டோக்கன் ஆறு அவர்களுடையது. அவள் மேஜைக்கு வந்தாள். ஒரு கையில் பால் பாத்திரம். பின்னால் மாமியார் குத்துவிளக்கோடு நின்றார். குள்ளமான உருவம், அரக்குப் பட்டு, கண்ணாடியில் ஒரு பக்கக் கால் உடைந்து நூல் கட்டியிருந்தது. நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை.

கேக் அனுப்பும் மேனேஜர் பேனாவை நீட்டினார். "சும்னே ஃபார்மாலிட்டி மேடம்" என்றார். சும்மா என்பதற்கு அந்தக் கன்னடச் சொல் இந்த ஊரில் எல்லோர் வாயிலும் வரும். யாராவது சும்னே என்றால் நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

அவள் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தாளைப் படித்தாள். முழுவதும் படித்தாள்.

"கீ ரெஜிஸ்டர்னு சொன்னீங்க. அதுல எதுக்கு சார் கோரிக்கை இல்லன்னு இருக்குது?"

"எல்லாருக்கும் ஒரே ஃபார்மட் மேடம். ஹெட் ஆபீஸ்லேர்ந்து வருது."

"அப்ப இந்த வரிய அடிச்சிடறேன். பூஜைக்கு மட்டும்னு எழுதறேன்."

"அடிக்கக் கூடாது மேடம். அடிச்சா கீ குடுக்க முடியாது."

கணவன் அவள் காதருகே குனிந்தான். "போட்டுடேன்பா. அப்புறம் மெயில் அனுப்பிக்கலாம். எல்லாரும் பாக்கறாங்க."

"நான் தெனமும் இருபது பேருக்கு இந்த மாதிரி தாள காட்டித்தான் பணம் வராதுன்னு சொல்றேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல கையெழுத்து வாங்கிடுவாங்க. வீட்டுக்குப் போற அவசரத்துல போட்டுடுவாங்க. மறுவாரம் வந்து எங்ககிட்ட அழுவாங்க. நான் அந்தத் தாளத்தான் எடுத்துக் காட்டுவேன். அது என் வேலை. மெயிலாம்."

புரோகிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் முகூர்த்தம் என்றார். பின்னால் டோக்கன் ஏழு முணுமுணுத்தது. அவன் முகம் வியர்த்திருந்தது. பேனாவை அவனே எடுத்தான். இரண்டு பேர் பெயரிலும் வீடு, முதல் பெயர் அவனுடையது. அவன் போட்டால் போதும், அவளுடைய பன்னிரண்டு வரியும் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

"இன்னாடா லேட்டு?" என்று மாமியார் முன்னால் வந்தார்.

"கையெழுத்து போட்டாத்தான் சாவியாம் மா. இவ வேணாம்றா. போட்டா லேட் ஆனதுக்கு வரவேண்டிய பணம் வராதாம்."

நான் மாமியாரின் அழுகைக்குத் தயாரானேன். சாபத்துக்கும். அவர் குத்துவிளக்கை மருமகளிடம் கொடுத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, கையெழுத்து போடலன்னா இந்த ஊடு யாருது?"

"கம்பெனிதும்மா."

"கம்பெனி ஊட்ல நான் எதுக்குப்பா பால் காச்சணும்? உங்க மொதலாளி சம்சாரம் வந்து காச்சிக்கட்டும்."

மேனேஜர் சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். மாமியார் சிரிக்கவில்லை. மகன் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அது நூலில் கட்டியிருந்ததால் மேஜைக்கே இழுத்துக்கொண்டு போயிற்று.

"அம்மா, நாள் போயிடும்."

"போவட்டும். நாள் வரும். ஏண்டா, இம்மாம் பேர் முன்னாடி கையெழுத்து கேக்கறானே, நல்லவனா இருந்தா நேத்தே ஊட்டுக்கு அனுப்பி இருக்கமாட்டான்? மாட்டுக்கு எவ்ளோ குடுத்த?"

"பேக்கேஜ் மா. பதினோராயிரம்."

"மாடு இன்னா, நம்ம கூட வருதா?"

டோக்கன் ஏழில் யாரோ சிரித்தார்கள். மாமியார் மருமகளின் கையைப் பிடித்து, "நீ நின்னுக்கினு இருக்காத, அங்க ஒக்காரு" என்று நாற்காலி காட்டினார். பால் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டார். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஷாமியானாவில் இட்லி, பொங்கல் சாப்பிட்டார்கள். பொண்ணு கையெழுத்து போடாம நின்னுடுச்சாம் என்று ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போயிற்று. பாலை வாடகை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காபி போட்டுக் குடித்தோம். கணவன் குடிக்கவில்லை. அவனுக்குப் புகைப்படம் போயிற்றே என்ற கவலை.

அன்று மாலை சித்திரை மாதக் குறிப்பை எடுத்து, மாமியாரைப் பற்றி எழுதிய மூன்று வாக்கியத்தையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். வங்கியில் திருத்தம் அப்படித்தான் செய்வோம், எழுதியது தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் ஒரேயடியாக நின்றார் என்பதும் மகன் சொன்னதுதான். நாள் விஷயத்தில் அவசரப்பட்டது யார் என்று நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வக்கீல் நோட்டீஸ் புரட்டாசியில் போயிற்று. மேனேஜர் இரண்டு முறை போன் செய்து சமாதானம் பேசினார். எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் அவள் சொன்னாள். ஓ.சி. கார்த்திகை கடைசியில் வந்தது. அதற்குள் தாமதம் பதினேழு மாதம், வட்டி ஒன்பது லட்சத்து முப்பத்தைந்தாயிரம். கம்பெனி கடிதம் எழுதியது: 'நல்லெண்ணத்தின் அடிப்படையில்' கடைசித் தவணையான ஆறு லட்சத்து எண்பதாயிரத்தைத் தள்ளுபடி செய்கிறார்களாம். கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்கு நல்லெண்ணம் என்று பெயர். மீதி இரண்டு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒன்பது மாத வயிற்றோடு அவள் பென்சிலால் அந்த இடத்தை வட்டமிட்டு, பதில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு எனக்கு நகல் தந்தாள். நான் ஒரு கமாகூடத் திருத்தவில்லை.

கையெழுத்துப் போட்ட ஏழு குடும்பங்களுக்கும் புரட்டாசி முதலே பராமரிப்புக் கட்டணம் கேட்டுப் பில் வந்தது. தங்க முடியாத வீட்டுக்கு. "எல்லாரும் போடறாங்களே" என்ற பையன் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதே முக்காலுக்கு, போனோடு வந்து நின்றான். பத்து மணி வரை மாடிப்படியில் உட்கார வைத்தேன். பிறகு சொல்வதற்கும் அதிகம் இல்லை.

தை மாதத்தில் குழந்தையைப் பார்க்கப் போனேன். வாடகை வீடுதான். பெண் குழந்தை. மாமியார் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். நான் இருந்தபோது அவளுக்கு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. எப்போது வேலைக்கு வருகிறாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

"அடுத்த மார்கழிக்கு அப்புறம் கேளுங்க" என்றாள். மறுபக்கம் ஏதோ சொன்னார்கள். "போட்டுக்குங்க சார், வேற ஆள். பரவால்ல" என்று போனை வைத்தாள்.

உள்ளேயிருந்து மாமியார் கேட்டார். "யாரும்மா, கம்பெனிக்காரனா? அந்த ரெண்டே முக்கால குடுத்துட்டானா?"

"இல்ல அத்த. ஆபீசு. அது ரெண்டு லட்சத்து ஐம்பத்தஞ்சாயிரம், ரெண்டே முக்கால் இல்ல."

"எதுவோ. அத குடுக்கட்டும். அப்புறமா பால் காச்சிக்கலாம்" என்றார் அவர், வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கியபடி.